முட்டுத் துரையும் பன்னிரண்டு குழிகளும்

வீரசிங்கத்தின் இடது தோள் வலது தோளைவிட நாலு விரல் தாழ்ந்திருக்கும். பதுளைக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் அவனோடு கல் உடைத்தவர்கள் காரணம் கேட்டால், தன் தேசத்துக்காகப் பந்தாடிய ஒரு துரையோடு பதினொரு தடவை மோதியதாகச் சொல்வான். பத்துத் தடவை துரை என்னைச் சாய்த்தான், ஒரு தடவை நான் துரையைச் சாய்த்தேன் என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கூலிக்காரனாவது, துரையோடு விளையாடுவதாவது! வீரசிங்கம் சுத்தியலை எடுத்துக்கொள்வான். ஆனால் அவன் சொன்னது அத்தனையும் நடந்தது.

இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கும் பெரகலைக்கும் நடுவே, மலை செங்குத்தாக இறங்கும் பக்கத்தில் இருந்தது கரும்பாறைத் தோட்டம். அங்கே வரிசை வீடுகளான லயத்தில், ஓர் ஒற்றை அறைக் காம்பராவில் 1882இல் அவன் பிறந்தான். நாலு வயதில் அப்பன் போய்விட்டான். கோப்பிச் செடிகள் நோய் கண்டு கருகிய வருடம் அது. செடிக்கு மருந்து தேட ஊர் ஊராக ஆள் அனுப்பிய தோட்டம், வயிற்றுப்போக்கில் கிடந்த ஆட்களுக்கு ஒரு குவளைக் கஞ்சி அனுப்பவில்லை. அப்பன் செத்த மறுமாதம் தம்பி இராமையா பிறந்தான். தாய் பெரியாயி இரண்டு பிள்ளைகளையும் முதுகிலும் இடுப்பிலுமாகச் சுமந்துகொண்டே மலைக்குப் போனாள்.

வளர்ந்ததும் வீரசிங்கத்தைக் காடு வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். மரத்தை வெட்டுவது பெரிய காரியமில்லை. வெட்டிய பிறகு மண்ணில் நிற்கும் அடிக்கட்டையைப் பெயர்ப்பதுதான் உயிரை வாங்கும். அதன் தலையில் எவ்வளவு இடித்தாலும் அசையாது. தரையோடு தரையாகப் படுத்து, அடிவேரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தோளைக் கொடுத்து ஒரு பக்கமாக முறுக்க வேண்டும். அந்த வேலையில் வீரசிங்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. இராமையா நேர்மாறு. ஒல்லி உடம்பு, ஓயாத வாய். எதைக் கண்டாலும் சிரிப்பு வந்துவிடும் அவனுக்கு.

1908இல் புதிய துரை வந்தான். அடுத்த ஆண்டு பெரிய துரை விடுப்பில் கப்பலேறவே, இருபத்தேழு வயதில் தோட்டம் முழுவதும் அவன் கைக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்காக மூன்று தடவை ரக்பி ஆடியவன் அவன். முட்டை வடிவத்தில் ஒரு தோல்பந்து; அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான்; எதிர்ப்பக்கத்தார் பாய்ந்து கட்டிப்பிடித்து அவனை மண்ணில் சாய்ப்பார்கள். அதுதான் ஆட்டம். பங்களாவில் சமையல் பார்த்த சிவஞானம் லயத்துக்கு வந்து கதை கதையாகச் சொன்னான். தேசத்துக்காக ஆடியதற்கு அடையாளமாகத் துரைக்குக் குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி ஒன்று கொடுத்திருக்கிறார்களாம். அதைத் தலையில் போடுவதே இல்லையாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறானாம். தூசு தட்டும்போது விரல் பட்டுவிட்டதென்று தன்னைப் பூட்சுக் காலால் உதைத்தானாம். பூசாரி கருவறைக்குள் விடாத கோயில் நமக்குப் புதிதா என்று இராமையா கேட்டான்.

ஆகஸ்ட் மாதம் பதுளை மைதானத்தில் ஊவா மாகாணத்துத் துரைமாருக்கும் மற்ற மலைத் துரைமாருக்கும் ஆட்டம் நடக்கும். அதற்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் குதிரையேறி வர அரைநாள் ஆகும். தோட்டத்திலோ முந்நூறு ஆட்கள் சும்மா கிடைக்கிறார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரிக்கும்போது தர்மலிங்கம் கங்காணி வழக்கமான வேலைகளைக் கூவி முடித்து, கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தான்.

"கவ்வாத்துக்கு இருபது, கான் வெட்டப் பத்து, சாயங்காலம் முட்டுக்குப் பன்னெண்டு."

அன்றிலிருந்து அந்தத் துரைக்கு முட்டுத் துரை என்று பெயர் விழுந்தது.

முதல் நாள் நடந்ததைச் சொல்வதற்கு முன் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரே துரை வந்தால் கூலிக்காரன் பாதையை விட்டு, ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிவிட வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக் குனிந்து நிற்க வேண்டும். மழையானாலும் குடையை மடக்க வேண்டும். மடக்காதவன் முதுகில் பிரம்பு விழும். நடக்கப் பழகும் வயதிலேயே தாய்மார் இதைப் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். யோசித்துச் செய்வதல்ல இது. கண்ணில் தூசு விழுந்தால் இமை மூடுகிறதே, அப்படி.

வெட்டி வெளியாக்கிய புதுமலையில் பன்னிரண்டு ஆட்களும் வரிசையாக நின்றார்கள். துரை பந்தை இடுக்கிக்கொண்டு நாற்பது கஜத்துக்கு அப்பாலிருந்து காளை மாதிரி ஓடி வந்தான். துரை வருகிறான். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் குனிந்தார்கள். முட்டுவதற்கு ஆள் இல்லாமல் துரை காற்றை முட்டிக்கொண்டு போய், வரிசைக்குப் பின்னால் இருந்த கானுக்குள் முகம் குப்புற விழுந்தான்.

வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இராமையா. கங்காணி திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டான்.

துரை மூக்கில் இரத்தம் ஒழுக எழுந்து வந்து, முதலில் நின்ற மாயழகுவின் வாயில் முட்டியால் குத்தினான். முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன. "ஓட வேண்டாம்! நேரா நிக்க வேணும்!" என்று தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் கத்தினான். மறுபடி ஓடி வந்தான். மறுபடி ஒதுங்கினார்கள். அடித்தான், உதைத்தான். நிற்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது, கால் கேட்கவில்லை. முப்பது வருடம் பிரம்பால் சொல்லிக்கொடுத்த பாடத்தை முட்டியால் மறக்கடிக்க முடியுமா?

யோசனை சொன்னவன் கங்காணி. நம் ஆள், நம் பாஷை பேசுகிறவன், நம்மைப் போலவே கப்பலில் வந்தவன். புதுமலை முழுக்கத் தேயிலைக் கன்று நட ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டிக் கிடந்தது. "குழிக்குள்ள நிறுத்திட்டா எங்க ஒதுங்குவானுங்க, தொரைங்களே?" என்றான். கூலிக்காரன் முதுகின் எந்த இடத்தில் அடித்தால் எப்படி வலிக்கும் என்பதைத் துரைக்குக் காட்டிக்கொடுக்க எப்போதும் ஒரு கங்காணி இருந்தான்.

அதன்பின் பன்னிரண்டு பேரும் முழங்கால்வரை குழிக்குள் நின்றார்கள். துரை ஓடி வந்து ஒவ்வொருவராக முட்டினான். வெளியில் நிற்பவன் முட்டுப்பட்டால் பின்னால் விழுவான். விழுந்தால் பாதி அடி மண்ணுக்குப் போகும். குழிக்குள் நிற்பவனுக்குக் கால் மண்ணில் மாட்டிக்கொள்ளும், மேலுடம்பு மட்டும் முறியும். ஒருவனுக்கு விலா எலும்பு போனது. இன்னொருவன் மூன்று நாள் இரத்தமாகச் சிறுநீர் விட்டான். எவனாவது முனகினால் துரை தட்டிக்கொடுத்து, "நல்ல ஆள்" என்பான். அவனுக்கு அது விளையாட்டு. அதில்தான் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. கோபத்தில் அடிக்கிறவனுக்குக் கோபம் தீர்ந்தால் அடியும் தீரும்.

அடுத்த வாரம் கங்காணி இராமையாவைக் குழிக்குள் இறக்கினான். சிரித்த கணக்குக்கு. அன்றைக்குத் துரை தாழ்ந்து பாயப் பழகிக்கொண்டிருந்தான். முழு வேகத்தில் வந்து இராமையாவின் முழங்காலில் பக்கவாட்டாகத் தோளால் மோதினான். கவ்வாத்துக் கத்தியில் கிளை முறிவதுபோல ஒரு சத்தம். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. வீரசிங்கம் மேல்மலையிலிருந்து ஓடி வந்து தம்பியைக் குழியிலிருந்து தூக்கி எடுத்தான். துரை பந்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனான். தோட்டத்துப் புத்தகத்தில், இராமையா கல் சறுக்கி விழுந்தான் என்று எழுதப்பட்டது.

லயத்துச் சனங்கள் என்ன செய்தார்கள்? கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அவன் உடுக்கடித்து, குழி வெட்டுமுன் முனிக்குக் காவு கொடுக்காத குற்றம் என்று சொன்னான். பெரியாயி கருஞ்சேவல் ஒன்றைப் பிடித்து வந்தாள். வீரசிங்கம் வாசலில் நின்றபடி, "முனி முட்டல ஆத்தா, தொரதான் முட்டுனான். நான் பாத்தேன்" என்றான். அவள் கேட்கவில்லை. சேவலின் இரத்தம் குழியில் விழுந்தது. துரையும் கங்காணியும் செய்த கொலைபாதகத்தைத் தலையில் சுமக்க ஒரு முனி வாய்த்துவிட்டான். மூன்றாம் நாள் இராமையாவின் கால் வீங்கிக் கறுத்தது. கோடாங்கி பூசிவிட்ட திருநீற்றுக்குக் கீழே சீழ் வைத்தது.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பான். ஆனால் துரை கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறினால் அது ஓடிப்போன குற்றம்; பிடித்து வந்து மறியல் சிறையில் போடுவார்கள். துண்டு கேட்டபோது துரை மறுத்தான். ஆஸ்பத்திரி டாக்டரும் வெள்ளைக்காரன்தான். கல் சறுக்கியா கால் இப்படி முறியும் என்று கேட்டுவிடுவான். மறுநாள் விடியுமுன் வீரசிங்கம் தம்பியைக் கம்பளியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடந்தான். பெரகலைச் சந்திக் கடைகள் கண்ணில் பட்ட இடத்தில் கங்காணியின் ஆட்கள் மடக்கினார்கள். முதுகில் தம்பி இருந்ததால் வீரசிங்கத்தால் திருப்பி அடிக்க முடியவில்லை. முகத்திலும் வயிற்றிலும் அடித்தார்கள். முறிந்த காலைப் பிடித்து இழுத்தார்கள். இராமையா போட்ட கூச்சலில் கடைக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் முகமெல்லாம் வீங்கிய வீரசிங்கம் யாரும் கூப்பிடாமலே புதுமலைக்குப் போனான். துரைக்கு நேரே நின்று கேட்டான்.

"தொரைங்களே, பதுளையில ஆட வர்ற தொரைமாரு குழிக்குள்ளயா நிப்பாங்க?"

துரையின் முகம் சிவந்தது. கங்காணி பிரம்பை ஓங்கினான். துரை அவனைத் தடுத்தான். கேள்வி சுட்டுவிட்டது. ஆட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நட்டுவைத்த மனிதர்களை முட்டிப் பழகியதில் தன் கால் வேகம் குறைந்திருப்பது அவனுக்கே தெரியும்.

"என்னைய வெளிய நிறுத்துங்க. நான் ஒரே ஒரு தடவ தொரைங்களத் தரையில சாய்ச்சா, தம்பிக்கு ஆஸ்பத்திரித் துண்டு குடுக்கணும்."

துரை சிரித்தான். பன்னிரண்டு பேர் முன்னிலையிலும் சொன்னான்: "நீ என்னைத் தள்ளினா, துண்டு. என் வாக்கு."

முதல் மோதலில் வீரசிங்கத்தின் மூச்சு நின்றது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. முதல் நாள் நாலு, மறுநாள் மூன்று, அதற்கு மறுநாள் மூன்று. பத்துத் தடவையும் ஒரே கதை. துரை பந்தோடு ஓடி வருவான். வீரசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே ஓடுவான். இன்னும் இரண்டு எட்டு என்னும்போது துரையின் முகம் தெரியும். உடனே அவனுடைய வலது கால் தானாக ஒரு சாண் ஒதுங்கும். கை தானாகத் தலைத்துண்டுக்குப் போகும். அந்த ஒரு நொடியில் துரையின் தோள் நெஞ்சில் இறங்கும். பத்தாவது தடவை விழுந்தபோது பின்மண்டை கல்லில் பட்டு, காதிலிருந்து இரத்தம் வந்தது.

காம்பராவுக்குள் அழுகல் வாடை நிற்க முடியாமல் அடித்தது. இராமையா காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தான். அண்ணனின் கோலத்தைப் பார்த்து அவனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"அண்ணே, நீ தொரைய முட்டப் போறியா, கும்புடப் போறியா?"

"கை தானா தலைக்குப் போயிருதுடா. என்ன எழவுன்னே தெரியல."

"அப்ப தலத்துண்ட இங்க வச்சுட்டுப் போ. ஒண்ணும் இல்லாத தலைக்குக் கை எதுக்குப் போகும்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "மூஞ்சியப் பாக்காத. மூஞ்சிதான் தொர. காலு வெறும் கட்ட."

வீரசிங்கம் தலைத்துண்டை அவிழ்த்துத் தம்பியின் காலில் சுற்றிக் கட்டினான். பெரியாயி அழுதாள். வெறும் தலையோடு துரை முன்னால் போகிறவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்று அவள் நினைத்தாள்.

நாலாம் நாள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்தது. முட்டுக்கு வந்த பன்னிரண்டு பேரும் வழக்கம்போல் குழிகளுக்குள் நின்றார்கள். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் மேல்பாதையில் கூடி நின்றார்கள். துரை ஓடி வந்தான். வீரசிங்கம் தலை நிமிரவில்லை. செம்மண்ணில் இரண்டு பூட்சுகள் வருவதை மட்டும் பார்த்தான். அவை மூன்று எட்டுக்குள் வந்ததும் தரையில் விழுந்து, வேரைக் கட்டுவதுபோல் இரண்டு கணுக்காலையும் கட்டிப்பிடித்து, தோளைக் கொடுத்து, பலங்கொண்ட மட்டும் ஒரு பக்கமாக முறுக்கினான். ஸ்காட்லாந்துக்காக மூன்று தடவை ஆடிய உடம்பு ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு இரண்டு குழிகளுக்கு நடுவே விழுந்தது. வீரசிங்கத்தின் கைக்குள் ஒரு கணுக்கால் மட்டும் உடம்போடு திரும்ப மறுத்து, முறிந்தது.

துரை அலறினான். இராமையா அலறியதுபோலவேதான் அலறினான். பந்து உருண்டு போய் ஒரு குழிக்குள் விழுந்தது.

"சாய்ச்சுட்டேன் தொரைங்களே. துண்டு குடுங்க."

துரை வலியில் மண்ணைப் பிறாண்டிக்கொண்டே, துண்டு கிடையாது, உனக்கு ஜெயில்தான் என்று கத்தினான். வாக்கு என்ன ஆனது? எஜமானன் கூலிக்காரனுக்குக் கொடுக்கும் வாக்கு, எஜமானன் ஜெயிக்கும்வரைதான். கங்காணி கைத்தடியின் பூண் பிடித்த தலையால் வீரசிங்கத்தின் இடது தோளில் அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் மேல்பாதைவரை கேட்டதாகப் பெண்கள் பிற்பாடு சொன்னார்கள். விழுந்தவனை மேலும் நாலு அடி அடித்துவிட்டு, துரையைத் தூக்கச் சொல்லிப் பன்னிரண்டு பேரையும் அதட்டினான்.

அவர்கள் குழியை விட்டு வெளியே வந்தார்கள். துரை கிடந்த இடத்துக்கு வரவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக் குனிந்து நின்றார்கள்.

"என்னங்கடா இது? வந்து தூக்குங்கடா."

பொக்கை வாயோடு மாயழகு பேசினான். "தொரைங்க பாதையில இருக்காங்க, கங்காணிங்க. நாங்க ஒதுங்கி நிக்கிறோம்."

கங்காணி அவனை அடித்தான். மாயழகு குனிந்தபடியே அடியை வாங்கிக்கொண்டான். அடுத்தவனை அடித்தான். அவனும் அசையவில்லை. கங்காணி மேல்பாதையைப் பார்த்துக் கூப்பிட்டான். அங்கே நின்ற பெண்களும் பாதையை விட்டுக் கீழே இறங்கி முக்காட்டை எடுத்துவிட்டுக் குனிந்தார்கள். பங்களாவிலிருந்து ஓடி வந்த சிவஞானம் ஒரு கணம் தயங்கி, அவனும் கானுக்குள் இறங்கினான். முந்நூறு ஆட்களின் தோட்டத்தில் துரையைத் தொட ஒரு கை இல்லை. சந்திப் பக்கம் காவலுக்குப் போன அடியாட்கள் திரும்பாததால், கங்காணி தனியாக அவனைத் தூக்கப் பார்த்தான். கணுக்கால் ஆடியதும் துரை போட்ட கூச்சலில் விட்டுவிட்டான்.

வெயில் தாழ்ந்தது. காற்று குளிர ஆரம்பித்தது. துரையின் பற்கள் கிடுகிடுத்தன. கடைசியில் அவனே சட்டைப்பைப் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்தான். சிவஞானம் கானுக்குள் நின்றபடியே எழுத்துக்கூட்டி வாசித்தான். இராமையா என்ற ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும். கையெழுத்து இருந்தது.

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு பேரும் மேலே ஏறி வந்தார்கள். தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வரும் றஹீமின் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஒரு பக்கம் துரையையும் மறுபக்கம் இராமையாவையும் கிடத்தினார்கள். வேறு வண்டி கிடையாது. பதுளை போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முனகிக்கொண்டு போனதாகவும், மேட்டில் வண்டி குலுங்கினால் எது யாருடைய கூச்சல் என்றே தெரியவில்லை என்றும் றஹீம் சொன்னான்.

இராமையாவின் காலைத் தொடையோடு வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது.

வீரசிங்கத்தைக் கட்டுப்போட்ட தோளோடு விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். கூலிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து தடியால் தாக்கியதாகத் துரை சத்தியம் செய்து சாட்சி சொன்னான். வீரசிங்கம் நடந்ததை நடந்தபடி சொன்னான். மொழிபெயர்த்தவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கனவான் தோட்டத்துக் கூலியோடு ரக்பி ஆடினார் என்பதை எந்தப் புத்தியுள்ளவனாவது நம்புவானா என்று நீதவான் கேட்டார். ஆறு மாதம் கடுங்காவல். முட்டுத் துரை அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் ஆடவில்லை. அடுத்த வருடம் நொண்டிக்கொண்டே கப்பலேறினான். கண்ணாடிப் பெட்டியைச் சிவஞானம்தான் சாமான்களோடு வைத்துக் கட்டினான்.

சிறையிலிருந்து வந்தவனை எந்தத் தோட்டமும் எடுக்கவில்லை. வீரசிங்கம் ரயில் பாதைக்குக் கல் உடைக்கப் போனான். பெரியாயி கரும்பாறையிலேயே செத்தாள். அவளுடைய சாவுக்குக்கூட அவனை உள்ளே விடவில்லை. இராமையா பெரகலைச் சந்தியில் வெற்றிலை பாக்கு விற்றான். அன்றைக்குக் கதவை மூடிக்கொண்ட கடைகளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து விற்றான்.

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் அண்ணனும் தம்பியும் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று துரைமாரின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற இராமையா, இத்தனை பெரிய மைதானத்தில் ஒரு குழிகூட வெட்டாமல் எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தான். ஆட்டம் முடிந்து ஒரு துரை வேலியோரப் பாதையில் வந்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து கானில் இறங்கியது. தலைத்துண்டுகள் அவிழ்ந்தன. பாதை நடுவே இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"ஒதுங்குண்ணே, ஒன் தொர வர்றாரு. எனக்கு ஒத்தக் காலு, கானுல எறங்க முடியாது. ஒனக்கென்ன?"

"எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சுடா" என்றான் வீரசிங்கம்.

துரை கிட்டே வந்தான். தோள் சரிந்த ஆளையும் கால் இல்லாத ஆளையும் மேலும் கீழும் பார்த்தான். என்னவோ முணுமுணுத்துவிட்டு, பூட்சில் சேறு படக் கான் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான்.